இரண்டாவது நகல்

சட்டைத் தொழிற்சாலையின் கேட்டில், வேலை முடிந்து வரும் பெண்களின் பைகளைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். வழக்கமாக இந்தச் சோதனை கிடையாது. இன்றைக்கென்று பார்த்து ஏதோ சட்டை காணோமாம்.

மத்தியானம்தான் காலரக்காவிடம் அவள் கையெழுத்திட்ட சம்மதத் தாளின் நகலைக் கொடுத்திருந்தேன். உள்ளே காலர் தைப்பவள், அதனால் ஊருக்கே காலரக்கா. சூப்பர்வைசர் பெண்களைப் படுத்தும் பாட்டை என் ஆய்வுக்காகத் துணிந்து சொன்ன பன்னிரண்டு பேரில் முதல் ஆள். வெளியாளிடம் வாய் திறந்ததற்காகப் போன மாதம் இரண்டு பேருக்குச் சீட்டுக் கிழிந்திருந்தது.

"வாயால சம்மதம் சொன்னா போதாதா சார்?" என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் மன்றாடிப் பார்த்தேன்.

"கையெழுத்து வேணும். ஒரு நகல் அவங்க கையில இருக்கணும். எல்லாம் அவங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் செயலாளர்.

அந்தப் பாதுகாப்பு இப்போது காலரக்காவின் சாப்பாட்டுப் பையில். ஆய்வின் தலைப்பு, அவள் பெயர், கையெழுத்து.

அவள் முறை வந்தது. காவலுக்கு நின்றவள் பையைக் கவிழ்த்தாள். டிபன் டப்பா, ஸ்பூன், சீப்பு. இடுப்பைத் தடவினாள். டப்பாவையும் திறந்தாள்.

"என்னம்மா, பசியா? நாளைக்கு உனக்கும் சேர்த்துக் கட்டிட்டு வரேன்" என்றாள் காலரக்கா.

"வாயைப் பாரு. போ, போ!"

தெரு திரும்பியதும் என் கையைப் பிடித்தாள்.

"எங்கேக்கா அது?"

"சோதனைன்னு மைக்ல சொன்னாங்க. பாத்ரூமுக்கும் விடலை. கையில இருந்த சட்டையோட காலருக்குள்ள வச்சுத் தைச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காதடி. அடுத்த நிமிஷமே அந்தச் சட்டையைக் கட்டோட தூக்கிட்டுப் போயிட்டாங்க. காலைல எட்டு மணிக்கு செக்கிங். காலரைத்தான் முதல்ல மடக்கிப் பாப்பாங்க. பேப்பர் சரசரக்காதா?"

"அதுக்கு முன்னாடி எடுத்துட முடியாதா?"

"ஏழரைக்கே போய்த் தேடணும். முந்நூறு சட்டை. அத்தனையும் வெள்ளை."

என் போன் அதிர்ந்தது. செயலாளர். 'மீதிப் பதினொரு பேருக்கும் நாளைக்குள் நகல் வழங்கவும்.'

"யாரு?"

"உங்க பாதுகாப்பைப் பத்தித்தான் கேக்குறாங்கக்கா."

பதினொரு நகலும் என் தோள்பையில்தான் இருந்தன. காலரக்கா எட்டி அதன் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாளைக்கு நான் வெளியில வர்ற வரைக்கும் இதைத் திறக்காதே. வரலைன்னா, கொளுத்திடு."