கூப்பிடாமல் வந்த சனிக்கிழமை

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வருஷம், டெல்லி முனிர்காவில் குடியிருந்த லீலாவதி தன் மகள் அகல்யாவை ஐந்து கல்லூரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு அகல்யா தங்கிவிட்டாள். ஐந்தும் போக மிச்சமிருந்தவள் அம்மாவோடு மெட்ரோவில் வீடு திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். டெல்லி வெயில் அடித்த அடியில் இதை உடனே யாரும் கவனிக்கவில்லை.

லீலாவதி சின்னசேலத்துப் பக்கத்துக்காரி. கல்யாணமான வருஷமே டெல்லிக்கு வந்தவள். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் சமையல் செய்தாள். புருஷன் ஜெயபால் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மூன்றாவது மாடியில் ஒரே அறை. அதில்தான் சமையல், படுக்கை, அகல்யாவின் படிப்பு எல்லாம். அந்த அறையில் படித்துத்தான் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்று நான்கு சதவீதம் வாங்கினாள், நுழைவுத் தேர்வும் எழுதினாள். இனி எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அகல்யா சொன்னாள். லீலாவதியோ கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்காதவள். மூன்று வருஷம் இருக்கப்போகிற இடத்தைப் போனில் பார்க்கிறதாவது என்று சொல்லி, வேலை செய்யும் வீடுகளில் ஐந்து சனிக்கிழமைக்கு லீவு கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சுவருக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரும்படி ஜெயபால் சொல்லியனுப்பினார்.

அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் புது இடத்துக்குக் கூட்டிப்போனால், கிளம்பும்போது தாய்க்காரி வாசலில் நின்று திரும்பி, பிள்ளையின் பேரைச் சொல்லி ‘வா, வூட்டுக்குப் போலாம்’ என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பிள்ளை மூன்று தடவையும் ‘வந்துட்டேம்மா’ என்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையில் கொஞ்சம் அங்கேயே நின்றுவிடும். தடுப்பூசி போட்ட ஆஸ்பத்திரி, இந்தியா கேட், கரோல் பாக்கில் ஸ்கூல் ஷூ வாங்கின கடை என்று பதினேழு வருஷம் ஓரிடம் விடாமல் லீலாவதி கூப்பிட்டிருக்கிறாள். மிருகக்காட்சிசாலையில் அவள் போட்ட சத்தத்துக்கு நீர்யானை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. சுற்றியிருந்த ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் பிள்ளையா தொலையப்போகிறது என்பது அவள் கட்சி.

முதல் சனிக்கிழமை வடக்கே, சிவப்புக் கல்லில் கட்டிய பழைய பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போனார்கள். உள்ளே வேப்பமரத்தடியில் இருபது பெண்கள் வட்டமாக நின்று கையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, தெரு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகல்யா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படிச் சிரித்து லீலாவதி பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கிளம்பும்போது கேட்டருகே காரிலிருந்து இறங்கிய தாய்மார்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேசியபடி நின்றார்கள். லீலாவதி வழக்கம்போலத் திரும்பி வாயைத் திறந்தாள். அகல்யா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

“அம்மா, ப்ளீஸ். இங்க மட்டும் வேணாம்.”

சனியன், அன்றைக்கென்று லீலாவதிக்கும் வெட்கம் வந்துவிட்டது. கட்டியிருந்த பச்சைப் புடவையில் மஞ்சள்கறை இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு தடவை விட்டதை அடுத்த தடவை விடுவது சுலபம். மற்ற நான்கு சனிக்கிழமைகளிலும் அவள் கூப்பிடவில்லை.

வாரத்துக்கு வாரம் பெண் குறைந்துகொண்டே வந்தாள். முதலில் சிரிப்பு நின்றது. அப்புறம் ரசத்துக்கு இரண்டாம் தடவை சாதம் கேட்பது நின்றது. கரண்ட் போனால் வீட்டுக்காரனைத் திட்டித் தீர்க்கிறவள், இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பித்தமாக இருக்கும் என்று லீலாவதி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். ஐந்தாவது சனிக்கிழமை கழிந்து வந்த திங்களன்று கட்டிலில் உட்கார்ந்த அகல்யாவுக்குக் கீழே மெத்தை அமுங்கவில்லை. லீலாவதி அவளை மருந்துக்கடை வாசலிலிருந்த எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். முள் ஒன்பது கிலோவில் போய் நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்காரன் சொன்னான். லீலாவதி தானே ஏறிப் பார்த்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு சரியாகத்தான் காட்டியது.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டு மஹாலட்சுமி படியேறி வந்தாள். மூன்றாவதாகப் பார்த்த கல்லூரியில் பெருக்கித் துடைக்கிறவள் அவள். “ஏங்க்கா, உங்க பொண்ணு ரெண்டு வாரமா எங்க காலேஜு லைப்ரரியிலயே கெடக்குறா. நல்ல பொண்ணுதான், பெருக்கறப்ப கால தூக்குன்னா தூக்கிக்குது. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், கட்டிலில் உட்கார்ந்திருந்த அகல்யாவைப் பார்த்து, “அட, இங்கயும் இருக்கியா நீ?” என்றாள்.

லீலாவதிக்கு அப்போதுதான் விளங்கியது. தப்பு யார்மேல் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வாய் இருந்தும் கூப்பிடாமல் வந்தவள் அவள்தான்.

ஜெயபால் இதை அத்தனை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து காலேஜிலும் ஆள் இருந்தால் எங்கேயாவது ஒன்றில் சீட் கிடைத்துவிடும் என்று கணக்குச் சொன்னார். ஆனால் கல்லூரி வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று சைபர் கஃபேயில் அகல்யா திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எது வேண்டும் என்று கேட்டால், எதுவானாலும் சரி என்றாள். எதுவும் இல்லாவிட்டால்? அதுவும் சரி என்றாள். எடை மெஷினைப் பார்த்தபோதுகூட லீலாவதி இவ்வளவு பயப்படவில்லை. மூன்று வயதில் பலூன்காரன் பின்னாலேயே ஒரு தெரு நடந்துபோன பெண் இது. வேண்டும் என்று சொல்லத் தெரியாத ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையை முழுசாகத் திரட்டியாக வேண்டும். வேலை செய்யும் வீடுகளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை காலையில் லீலாவதி கிளம்பினாள்.

லைப்ரரியில் இருந்தவளை முதலில் கூப்பிட்டாள். அமைதியாக இருக்கச் சொல்லி எழுதியிருந்த பலகைக்குக் கீழே நின்றே கூப்பிட்டாள். மேஜைமேல் தலைவைத்துத் தூங்கியவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்துட்டேம்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தாள். மெட்ரோவில் லீலாவதி இரண்டு டிக்கெட் எடுத்தாள். இரண்டுக்கும் கதவு திறந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் இருந்தவளோடு, கூட்டமான பஸ்ஸில் ஒதுங்கி இடம் கொடுத்தால் உட்கார்வதுபோல உட்கார்ந்துகொண்டாள். மெத்தை கொஞ்சம் அமுங்கியது. இன்னொரு கல்லூரியில் இருந்தவள் கேட்டில் காவலாளியோடு ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பஹன்ஜி, ஜல்தி கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் கும்பிட்டார். வழி நெடுக, ஏன் இவ்வளவு லேட்டாக வந்தாய் என்று அவள் லீலாவதியோடும் சண்டை போட்டாள். லீலாவதிக்கு அந்தச் சண்டை காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வியாழக்கிழமை இருட்டுவதற்குள் நான்கு பேர் வந்துசேர்ந்தார்கள். அன்று அகல்யா ரசத்துக்கு இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டாள், கட்டில் கிரீச்சிட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை. எந்தக் கல்லூரி என்பதற்கும் இன்னும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை லீலாவதி அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வடக்கே போனாள். வருகிறவர்கள் பேரும் போன் நம்பரும் எழுதும் நோட்டைக் காவலாளி நீட்டினார். அதில் ஐந்து வாரமாகத் தினமும் அகல்யா என்ற பேர் இருந்தது. வந்த காரணம் என்ற இடத்தில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஹிந்தியில் எழுதியிருந்தது. லீலாவதி தன் நம்பரை எழுதிவிட்டு உள்ளே போனாள். வேப்பமரத்தடியில் அதே வட்டம். வட்டத்துக்கு நடுவே, சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள் குர்தாவில், அகல்யா நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகுவதுபோல துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்புவதுபோலத் திரும்பி, முழுத் தொண்டையில் கூப்பிட்டாள்.

“அகல்யா! வா, வூட்டுக்குப் போலாம்!”

தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத அந்த இருபது பெண்களும், வாய்க்கு வந்தபடி, ஆனால் ஒரே குரலாக, “வந்துட்டேம்மா!” என்று கத்தினார்கள். மூன்று தடவை. கல்லூரிக் கட்டடத்தில் அது மோதித் திரும்பி வந்தது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அகல்யாவும் சிரித்தாள். மிருகக்காட்சிசாலையில் கேட்ட சிரிப்பு வேறே. இது வேறே என்று லீலாவதிக்குத் தெரிந்தது. எந்தக் கேட்டில் தன்னை வாய்மூட வைத்தாளோ, அதே கேட்டுக்குள்ளே நின்று பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லீலாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அகல்யா அவளைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை நிறுத்தி, குனிந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண். கூப்பிட்டால் வந்துவிடுவாள். அதுதான் லீலாவதியால் தாங்க முடியாததாக இருந்தது. திறந்த வாயை மூடினாள். இந்த முறை வெட்கத்தால் அல்ல. இரு, நீ இரு என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அகல்யாவை எதிரே உட்கார வைத்தாள்.

“உன் மிச்சம் வேப்பமரத்தடியில நிக்குது. நான் கூப்புடல. நீதான் அங்க போய்ச் சேந்துக்கணும்.”

“கூப்ட்டா வந்திருப்பேனேம்மா.”

“தெரியும். அதான் கூப்புடல.”

அகல்யா எழுந்து சைபர் கஃபேக்குப் போய் அந்தக் கல்லூரியை முதலாவதாக ஏற்றினாள். அந்த வரிசையில் அவள் வேறெதையும் ஏற்றவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது. லீலாவதி சமைத்துப்போடும் வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த மீனாக்ஷி அம்மா, ஒற்றை அறையில் பெண் படிக்கும் கஷ்டத்தை விவரித்துக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். விடுதியிலும் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று ஜெயபால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், வந்தவள் அங்கே போய் நின்றாள், அப்புறம் ஒருத்திதான் இருந்தாள். அவள் சிரித்தாள். ஜெயபால் சுவரைத் தடவிப் பார்த்து, நல்ல பெயின்ட்தான் என்றார். கேட்டில் லீலாவதி பழக்கதோஷத்தில் திரும்பினாள். பேர் தொண்டை வரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெயபாலோடு மெட்ரோ ஏறினாள்.

எட்டாவது நாள், மீனாக்ஷி அம்மா வீட்டில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கல்லூரிக் காவலாளி போன் செய்தார். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா ஒரு வாரமாகக் கேட்டுக்கு வெளியே நிற்கிறார், தொந்தரவு ஒன்றும் இல்லை, கேட்டால் இந்த நம்பரைச் சொல்கிறார், இது நீங்கள்தானா என்று விசாரித்தார். லீலாவதி கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். ஆமாம், நான்தான் என்றாள். சாயங்காலம் மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்தைந்து காட்டியது. அன்று கேட்டில் நின்று எல்லோரையும் பற்றி யோசித்தாளே தவிர, தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பதை அவளே மறந்துபோயிருந்தாள். தான் வேண்டுமானால் போய்க் கூப்பிட்டு வரட்டுமா என்று ஜெயபால் கேட்டார். வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இது நடந்து மூன்றாவது வருஷம் ஓடுகிறது. காவலாளி அந்த அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜனவரிப் பனியில் டீக்கடைக்காரர் தன் சால்வையைப் போர்த்திவிடுகிறார். புதிதாகச் சேர்கிற பெண்கள் முதல் நாள் விவரம் கேட்கிறார்கள், இரண்டாம் நாளிலிருந்து நமஸ்தே ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அகல்யாவுக்கும் வழக்கம் தெரியும். மூன்று தடவை கூப்பிட்டால் அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதும் தெரியும். அவள் கூப்பிடுவதில்லை. காலையில் வகுப்புக்குப் போகுமுன் கேட் வரை வந்து, யார் நின்றாலும் கவலைப்படாமல், சத்தமாக, “இருக்கியாம்மா?” என்று கேட்கிறாள். “இருக்கேன்” என்று லீலாவதி சொன்னதும் வகுப்புக்குப் போகிறாள்.