ஆறாம் மேசையின் வாக்கியம்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஓட்டலில் மூன்று நாள் கூட்டம். கனடா முழுவதிலுமிருந்து குலுக்கலில் தேர்ந்தெடுத்த நூறு பேரை வரவழைத்திருந்தார்கள். மனித குலம் முழுவதற்கும் நெடுங்காலக் குறிக்கோள் ஒன்று வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று அவர்கள் சொல்ல வேண்டும். மேசைக்கு ஐந்து பேர், மேசைக்கு ஒரு வாக்கியம். ஆறாம் மேசையில் பேச்சை நடத்திக்கொடுப்பது என் வேலை.

சஸ்காட்டூனிலிருந்து வந்த அனெலீஸ் ஃப்ரீசனுக்கு இருபது வயது, கல்லூரி மாணவி. முதல் நாள் காலையிலேயே எழுதிவிட்டாள்: ‘ஆயிரம் ஆண்டு கழித்துப் பிறப்பவர்களும் வாழும்படி இந்தப் பூமியை விட்டுச்செல்வோம்.’ மூன்று பேர் உடனே சரி என்றார்கள். நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த லியாண்டர் ஹைன்ஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டியவர்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் பொறுமையிழந்தாள்.

“என்ன கேப்டன், வாயில பசை போட்டு ஒட்டிட்டீங்களா? தப்பா இருந்தா திட்டுங்க, வாங்கிக்கறேன்.”

“தப்பு ஒண்ணும் இல்ல கண்ணு. எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு எழுதினோம்.”

“நீங்களா?”

“ஏன், மீன்காரனுக்கு எழுத வராதா?”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

தொண்ணூறாம் வருடக் குளிர்காலம். வலையில் விழும் காட் மீன் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்தது. படகுக்காரர்கள் முப்பத்தொரு பேரையும் மாதாகோவில் கூடத்துக்கு அழைத்தவர் இவர்தான். இனி பாதிதான் பிடிப்பது, பிள்ளைகளுக்கும் கடலில் மீன் இருக்க வேண்டும் என்று எழுதிப் படித்தார். முப்பத்தொரு கையும் உயர்ந்தது. சிலர் அழுதார்களாம்.

“அப்புறம்?” என்றாள் அனெலீஸ்.

“மே மாசம் கடலுக்குப் போனோம். சொன்னபடி பாதியோட திரும்பினோம். தூரத்துல யாரு யாரோட பெரிய கப்பலோ வரிசையா நிக்குது. நாங்க விட்டுட்டு வர்ற மீனை அவங்க வாரிட்டுப் போறாங்க. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் பாதி பிடிச்சப்புறமும் மறுபடி வலையை இறக்கிட்டேன்.”

“கூட்டம் போட்ட நீங்களேவா?”

“நான்தான் முதல்ல. என்னைப் பார்த்து மத்தவங்க. தொண்ணூத்தி ரெண்டுல அரசாங்கம் மீன்பிடியையே மூடிடுச்சு. என் பையன் பொழப்புத் தேடி ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போயிட்டான்.”

“அப்ப குறிக்கோளே வேணாங்கறீங்களா?”

“வேணும்மா. எப்படி வேணாம்னு சொல்லுவேன், பேத்தி இருக்காளே. ஆனா ஒண்ணு கேளு. அன்னிக்கு நான் பொய்யா கை தூக்கல. மனசாரத்தான் தூக்கினேன். அதை நெனச்சாதான் பயமா இருக்கு.”

“யாராவது உங்களைத் தடுத்திருந்தா?”

“யாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். நடத்திக்கொடுப்பவர்கள் கருத்துச் சொல்லக்கூடாது என்பது விதி.

மறுநாள் காலை அவள் இன்னொரு வரி சேர்த்துக்கொண்டு வந்தாள்: ‘மற்றவர் மீறினாலும் நாங்கள் மீறமாட்டோம்.’ லியாண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இதுக்கு நான் கை தூக்க முடியாது கண்ணு. நான் மீறினவன்.”

பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அனெலீஸ் அவரிடம் கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், கடைசியில் அந்த வரியைத் தானே அடித்துவிட்டாள். ஐந்து கைகளும் உயர்ந்தன. லியாண்டர் யாரையும் பார்க்காமல் கை தூக்கினார்.

மாலையில் இருபது மேசைகளின் வாக்கியங்களையும் ஒன்றாக்கி மேடையில் படித்தார்கள்: ‘நெடுங்காலக் குறிக்கோள் பற்றித் தொடர்ந்து உரையாடுவது மனித குலத்துக்குப் பயனளிக்கக்கூடும்.’ பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அனெலீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“மோய்ரா, நம்ம அறிக்கையை யாருக்கு அனுப்பினாங்க?”

“கலந்துகிட்டவங்களுக்கு. அப்புறம் நூலகங்களுக்கு.”

“அது சரி. எல்லா மனுஷங்க சார்பா வாங்கி வச்சுக்கறவங்க யாரு? அவங்களுக்கு நான் தனியா எழுதணும்.”

அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.”

“விசாரிச்சுச் சொல்றீங்களா?”

“சொல்றேன்,” என்றேன்.

அன்று சாயங்காலம் அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள அனெலீஸ்’ என்பதற்கு மேல் நகரவில்லை.