‘தி’ போட்ட கார்டு

செஞ்சியில் இங்கிலீஷ் வாத்தியார் சந்திரநாதனிடம் படித்தவர்கள் எதை மறந்தாலும் பெயருக்கு முன்னால் போடுகிற ‘தி’யை மறக்க மாட்டார்கள். டில்லிச் செங்கோட்டைக்கு ‘தி’ உண்டு. நம்ம செஞ்சிக் கோட்டைக்குக் கிடையாது. ஊர்ப்பெயரே முன்னால் நின்று காவல் காக்கும்போது இன்னொரு காவல்காரன் எதற்கு என்பார். தப்பாகச் சொன்னவன் விரல் முட்டியில் ஸ்கேல் விழும்.

ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனிச் சட்டம். ‘இன் ஜெயில்’ என்றால் கைதி. ‘இன் தி ஜெயில்’ என்றால் கைதியைப் பார்க்கப் போனவன். ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்றால் கட்டிலில் கிடக்கிறவன். ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்றால் பழம் வாங்கிக்கொண்டு போனவன். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் சிரித்தால் வகுப்பும் சிரித்தாக வேண்டும்.

1964 ஆடி மாதம் ஒரு புதன்கிழமை பட்டணத்திலிருந்து கார்டு வந்தது. எழுதியவன் ராஜாராம், அவரிடம் படித்த பையன். அவருடைய ஒரே மகன் ஜினேந்திரனும் அவனும் அங்கே ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தார்கள். வாத்தியாருக்கு எழுதுகிறோமே என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். ஜினேந்திரன் இன் தி ஹாஸ்பிட்டல். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அறைக்கு வரவில்லை. கவலைப்பட வேண்டாம், தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அவ்வளவுதான்.

வாய்விட்டுப் படித்தவரை மனைவி ஜெயமாலா எட்டிப் பார்த்தாள். “இன்னா எழுதியிருக்குது?”

“ஒண்ணுமில்ல. மேனேஜருக்கு ஆபரேஷன்னு போன மாசம் ஜினேந்திரன் எழுதியிருந்தானே, கூட இருந்து பாத்துக்கிறான் போல.”

“நம்ம புள்ளைக்குத்தான் உடம்பு சரியில்லையோ இன்னாவோ. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க. ரெண்டு மணி பஸ்ஸு இருக்குது.”

“‘தி’ போட்டிருக்கான்டி. நான் சொல்லிக்குடுத்த பையன், தப்பா எழுத மாட்டான்.”

தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் ‘தி’யோடு எப்படி மல்லுக்கு நிற்பாள்? உள்ளே போனாள். ரெண்டு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியபோது வாத்தியார் ராஜாராமுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். உன் கார்டில் ‘தி’ சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, மெச்சினேன் என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டார்.

சனிக்கிழமை காலை தந்தி வந்தது. தந்தியில் யாரும் ‘தி’ போடுவதில்லை.

குடல்வால் வெடித்துவிட்டதாம். பட்டணத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்பினார்கள். வாத்தியாருக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தார். சோறு ருசிக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, சோறு சோறாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போனார், பாடம் நடத்தினார். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் மகன் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். வலிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஜெயமாலா பொழுது சாய்வதற்கு முன் தட்டு வைத்தாள், எடுத்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

பத்தாம் நாள் ராஜாராம் ஜினேந்திரனின் டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாத்தியார் வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“‘தி’ எதுக்குடா போட்ட?”

“முதல்ல போடாமத்தான் எழுதினேன் சார். அப்புறம், கட்டடம் ஆச்சே, ‘தி’ இல்லாம எழுதினா கோவிச்சுக்குவீங்களேன்னு, அதைக் கிழிச்சிட்டு வேற கார்டு எழுதினேன். எதுக்குப் போடணும் எதுக்குப் போடக் கூடாதுன்னு எனக்கு எப்பவுமே குழப்பம் சார்.”

வாத்தியார் தலையை ஆட்டினார், விடை சரி என்பதுபோல. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

ஜெயமாலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எங்கள கேட்டானாப்பா?”

“கேட்டுக்கிட்டேதான் இருந்தான்மா. யாரு நடந்து வந்தாலும் வாசப்பக்கம் பாப்பான். வெள்ளிக்கிழமை காலைல சாரோட கார்டு வந்துச்சு. எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேன்.”

“இன்னா சொன்னான்?”

ராஜாராம் வாத்தியார் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

“‘தி’ போட்டுட்டியாடா, அப்ப நைனா வர மாட்டாருன்னான். அதுக்கப்புறம் வாசப்பக்கம் திரும்பவே இல்லம்மா.”