நல்லெண்ணெயும் மூளை அலையும்

விடியுமுன் வாசல் கூட்டுவது குற்றமா? பக்கத்து வீட்டுச் சீனிக்குக் குற்றம். விளக்குமாற்றுச் சத்தத்தில் பெரிய துரை அவனுக்குத் தூக்கம் கெட்டதாம். கோலாலம்பூரில் இருக்கும் என் மகன் கோகிலனுக்குப் போன் போட்டு, முத்தம்மா அக்கா ராத்திரியில் தூங்குவதே இல்லை, மூளையில் ஏதோ கோளாறு என்று வத்தி வைத்துவிட்டான், கட்டையில போறவன்.

கோகிலன் ஈப்போவுக்கு ஓடி வந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அவனுடைய அடுக்குமாடிக்கு நான் போய்விட வேண்டுமாம். அத்தனை உயரத்தில் நான் எந்த வாசலைக் கூட்டுவது? நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாங்கிய வீடு இது. இருட்டிலேயே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்த உடம்பு, விடியும்வரை எப்படிப் படுத்துக் கிடக்கும்? சொன்னால் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பந்தயம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, தூங்கும்போது மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்களாம். கோளாறு இருந்தால் நான் அவனோடு போக வேண்டும். இல்லையென்றால் அவன் வாயை மூட வேண்டும்.

தலையில் எண்ணெய் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னான். தலை முழுக்கக் கம்பி ஒட்டி மெஷினில் மாட்டினால் மூளை சூடேறாதா? கிளம்புமுன் ஒரு கை நல்லெண்ணெயை உச்சியில் வைத்து நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். தாதி முணுமுணுத்துக்கொண்டே துடைத்துத் துடைத்து ஒட்டினாள். நான் கண்ணயர்ந்ததும் எல்லாம் வழுக்கி விழுந்துவிட்டன. காலையில் கோகிலன் திரையைப் பார்த்திருக்கிறான். கோடெல்லாம் நேராகக் கிடந்ததாம். அம்மா மூளை நின்றுபோய்விட்டது என்று, எருமை மாதிரி வளர்ந்தவன், தாதி முன்னால் ஓவென்று அழுதான். நான் எழுந்து உட்கார்ந்து குடிக்க மைலோ கேட்ட பிறகுதான் அடங்கினான்.

மறுபடி சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்து, இன்னொரு ராத்திரி படுத்தேன். டாக்டர் லக்ஷ்மிப்ரியா சின்னப் பெண். ஆழ்ந்து தூங்கும்போது மூளையில் பெரிய பெரிய அலைகள் எழும்புமாம். வயதாக ஆக அவை சிறுத்துவிடுமாம். அதனால்தான் தூக்கம் லேசாகி, அடிக்கடி கலைந்து, சீக்கிரம் விழிப்பு வருகிறதாம். நோயில்லை, வயசு என்றாள். பெரட்டுக்கு எழுந்த பழக்கம் என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. கிழவி என்பதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் கிழவிதானே, எனக்குக் கோபம்தான். ஆனால் ஜெயித்தது நான். அந்த அலை கோகிலன் வயதிலேயே குறைய ஆரம்பித்துவிடும் என்றும் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் மறுபடி வாயைத் திறந்தான்.

"அப்பா தூக்கத்திலயே போயிட்டாரு. அப்ப நீ பக்கத்துல இருந்த. உனக்கு ஒன்னுன்னா யாருக்கும்மா தெரியும்?"

பெற்ற பிள்ளை இத்தனை நாளும் இந்தப் பயத்தோடா படுத்தான்?

"நான்தான் விடியுமுன்னயே முழிச்சிக்கிறேன்லா. முழிச்சதும் போன் அடிக்கிறேன். அடிச்சா உசுரோட இருக்கேன்னு வச்சுக்க."

அன்றிலிருந்து தினமும் அடிக்கிறேன். அரைத்தூக்கத்தில் ம்ம் என்பான், வைத்துவிடுவேன். கொஞ்சம் விடிந்த பிறகு அடிக்கக் கூடாதா அத்தை என்று மருமகள் சாந்தினி கெஞ்சிப் பார்த்தாள். கூடாது என்றேன்.

போன வாரம் ஒரு நாள் என்ன ஆனதோ, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது ஜன்னலில் சுள்ளென்று வெயில். லக்ஷ்மிப்ரியாவின் அலை எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. போன் அடுப்படியில் கிடந்தது. அவனுக்கு அடிக்க மறந்தே போனேன். சோம்பல் முறித்துக்கொண்டு கதவைத் திறந்தால், வெளியே கோகிலன் கார். அவன் இறங்கக்கூட இல்லை. கைலியோடு உட்கார்ந்து என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுச் சாவி அவன் கையில்தான் இருந்தது. திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.