எதிரில் எதுவும் இருக்கக் கூடாது

எங்கள் தொகுதித் தேர்தலில் திலகராணி ஒருத்திதான் மனு போட்டிருந்தாள். வாபஸ் வாங்கக் கடைசி நாள், மதியம் மூன்று மணிக்குள் அவளுக்கு எதிராக இருப்பவை எல்லாம் விலகிவிட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் வாக்குப்பதிவுதான். என் வீடு அவளுக்கு எதிர்வீடு.

அவளுக்கு அந்தப் பதவியில் வேண்டியது ஆற்றுக்கு ஒரு பாலம். அக்கரையில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளம் வடியாததால் பேரனை இன்னும் பார்க்கவில்லை.

தேர்தல் நடத்தும் அலுவலர் ஜெகவீரன் காலையிலேயே பட்டியலோடு வந்துவிட்டார். எதிர்க்காற்று முதலில் விலகியது. கையெழுத்துப் போடும் இடத்தில் கொஞ்சம் புழுதியை வைத்துவிட்டுப் போனது. அடுத்தது, காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த எதிரொலி. அவர் குனிந்து, வாபஸ் வாங்குகிறாயா என்று கேட்டார். அதுவும் அவரை அதையே கேட்டது. அவர் அனுபவசாலி. "வாங்குறேன்" என்றார். அது சொன்ன பதிலைக் குறித்துக்கொண்டார்.

மிச்சம் என் வீடு. போட்டியில் நின்றால் அதுதான் ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரியும். யாரையும் அது ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீங்க சொன்னா கேக்கும்க்கா," என்றாள் திலகராணி, ஜன்னல் வழியாக. "எங்கிட்டதான் முறைச்சுக்கிட்டு நிக்குது."

நிலைப்படியைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். சாப்பாடு முடியும்வரை வீடு காத்திருந்தது. இரண்டரைக்கு எழுந்து, தெருவைக் கடந்து, அவள் வீட்டோடு தோள் உரச உட்கார்ந்தது. ரசம் தளும்பவில்லை. ஜெகவீரன் 'எதிர்வீடு' என்பதை அடித்துப் 'பக்கத்து வீடு' என்று எழுதினார்.

மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலைத் திருப்பினார். "பின்பக்கம் எதிர்காலம்னு ஒண்ணு இருக்கேம்மா."

திலகராணி என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"அதுவும் போகட்டும் சார். பாலம் வந்தாப் போதும்."

மூன்று மணிக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். எதிர்காலம் இல்லாததால் அவளுடைய ஐந்து வருடத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனபோது பாலம் கட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது. நடுப்பாலத்தில் நின்று, வெள்ளம் போவதைச் சற்று நேரம் பார்த்தோம்.

அக்கரையில் மகள் கதவைத் திறந்து, "இன்னிக்கு என்னம்மா இவ்வளவு லேட்டு?" என்றாள்.

பேரன் பிறந்து இருபது நாள். திலகராணி முதல்முறையாக அவனைத் தூக்கினாள். தினமும் பார்க்கிற முகம் என்பதால் அவன் கொட்டாவி விட்டான்.