ரமணி எண்ணெய் திருடவில்லை

ஐரோப்பாவில் நடந்த கால்பந்து ஆட்டம் இங்கே மலேசியாவில் விடியற்காலை ஐந்து மணிக்கு முடிந்தது. ஐந்தரைக்குப் பிரேமாவதி, சுங்கை பட்டாணி 'பெனல்டி' கடையின் பின்கதவைத் திறந்தபோது, பீர் வாடையும் கோழி பொரித்த வாடையும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. முப்பத்தெட்டு மேசைகள். எல்லாவற்றிலும் எலும்புகள், கசக்கி எறிந்த காகிதங்கள், அடியில் நுரை காய்ந்த குவளைகள். தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. பிரேமாவதி கடை கொடுத்த பனியனின் கையைச் சுருட்டிவிட்டு, வாளியில் சுடுதண்ணீர் பிடித்தாள்.

கூட வந்த ரமணி துடைப்பத்தோடு முன்கூடத்துக்குப் போனாள். அங்கே சுவர் முழுக்க முதலாளி சுகுமாரனின் படம். மாநிலக் குழுவுக்கு ஆடிய காலத்தில், காலைத் தூக்கிப் பந்தை உதைக்கும் படம்.

"பாஸ், அந்தக் காலை இன்னும் கொஞ்சம் தூக்குங்க, கூட்டணும்லா" என்றாள் ரமணி. தினமும் சொல்கிற பேச்சுதான். தினமும் பிரேமாவதிக்குச் சிரிப்பு வந்தது.

சமையலறையில் ரமணியின் வேலை நேரம் எட்டு மணிக்குத்தான் தொடங்கும். ஆனால் சிடாம் கிரி தோட்டத்திலிருந்து வருவதற்கு இருவருக்கும் சேர்த்துப் பிரேமாவதியின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். ஐந்தரைக்கே வந்துவிட்டு எட்டு வரை கை கட்டி உட்கார்ந்திருக்க ரமணியால் முடியாது. இரண்டு வருடமாக அந்த இரண்டரை மணி நேரம் யார் கணக்கிலும் இல்லாத வேலையாகப் போய்க்கொண்டிருந்தது.

சுகுமாரனும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். பிரேமாவதிக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். ரப்பர் மரத்துக்கு நடுவில் வெறுங்காலோடு பந்து விளையாடியவன், மாநிலச் சட்டை போட்டு, பிறகு தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் முகமாகவும் ஆனான். பெரிய திரையில் ஆட்டம் காட்டும் முதல் 'பெனல்டி'யைத் திறந்த நாளில் தோட்டமே திரண்டு வந்து மாலை போட்டது. நான்கே வருடத்தில் ஏழு கடைகள். உலகக் கிண்ணத்தின்போது மேசைகள் தெருவரை நின்றன. பிறகு கூட்டம் குறையத் தொடங்கியது. ஆட்டத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள் என்றார்கள். விலை ஏறிவிட்டது என்றார்கள். நான்கு கடைகள் மூடின. சுங்கை பட்டாணி, குலிம், பாடாங் செராய் மூன்றும் மிஞ்சின. காலைத் துப்புரவுக்கு நான்கு பேர் இருந்த இடத்தில் பிரேமாவதி ஒருத்தி ஆனாள். எது பழுதானாலும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்ற பதில் வந்தது.

பொரிக்கும் எந்திரத்தின் அடிக்குழாயும் அப்படித்தான். திருகினால் எண்ணெய் தானே வடிந்து மூடி போட்ட தகர டின்னில் இறங்க வேண்டும். மூன்று மாதமாக அது அடைத்துக் கிடந்தது. அதனால் எண்ணெயைக் குவளையால் மொண்டு அண்டாவில் ஊற்றி, பின்வாசல் வரை தூக்கிப் போக வேண்டும். பழைய எண்ணெய் வாங்கும் லாரி வியாழக்கிழமை ஆறரைக்கு வந்துவிடும். எண்ணெய் ஆறும்வரை லாரி நிற்காது. அந்த விற்பனையும் தவறக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு.

அன்று வியாழக்கிழமை. ஆளுக்கு ஒரு காதைப் பழந்துணியால் பிடித்து இருவரும் அண்டாவைத் தூக்கினார்கள். கடைசிக் கோழியைப் பொரித்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. எண்ணெயிலிருந்து அனல் எழுந்தது.

"மெதுவாக்கா, அங்க ஈரம்" என்றாள் ரமணி.

பிரேமாவதியே சற்றுமுன் துடைத்த இடம்தான். அவள் கால் வழுக்கியது. அண்டா ஒருபக்கம் சாய்ந்தது. பிரேமாவதியின் மணிக்கட்டில் நாலைந்து சொட்டு தெறித்தது. மற்றதெல்லாம் ரமணியின் வலது தொடையிலிருந்து பாதம்வரை இறங்கியது. ரமணி கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிரேமாவதி அவளை இழுத்துக் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்த அலறல் வந்தது. வெளியே எண்ணெய் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

*

திங்கட்கிழமை காலை சுகுமாரன் கறுப்புக் காரில் வந்து இறங்கினான். கடையின் எட்டு ஆட்களையும் முன்கூடத்தில் கூப்பிட்டு நிறுத்தினான். கையில் ஒரு கோப்பு இருந்தது.

"பிரேமாக்கா, உக்காருங்க."

"நிக்கிறேன் பாஸ்."

"என்ன பாஸ்? நம்ம ஒரே ஸ்கூலுதானே. சுகுன்னே கூப்புடுங்க."

பிரேமாவதி எப்படியும் கூப்பிடவில்லை. அவன் மேனேஜர் காஞ்சனாவிடம் மலாய் மொழியில் தட்டச்சு செய்த காகிதத்தைக் கொடுத்து எல்லாருக்கும் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னான். காஞ்சனா படித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கியது.

"ரமணி, தன்னோட வேல நேரம் இல்லாதப்ப, யாருகிட்டயும் கேக்காம கிச்சனுக்குள்ள வந்து, பழைய எண்ணெய வெளிய விக்கிறதுக்காக எடுத்தப்ப காயம்பட்டாங்க. இத நாங்க கண்ணால பாத்தோம்..."



"ரமணி திருடுனான்னு எழுதிருக்கு" என்றாள் பிரேமாவதி.

"திருடுனான்னு எங்கக்கா இருக்கு? கேக்காம எடுத்தாங்கன்னுதான் இருக்கு."

"தமிழ்ல அதுக்கு வேற என்னா பேரு பாஸ்?" என்று கேட்டான் சமையல்கார அழகேசன்.

சுகுமாரன் முகத்தைத் தடவிக்கொண்டான். கண்கள் உண்மையாகவே சிவந்திருந்தன. "பாருங்க. கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணு மூணு கடையயும் எடுத்துக்கப் பேசிக்கிட்டு இருக்கு. ஆளுங்களயும் வச்சுக்குவாங்க. இந்த நேரத்துல லேபர் ஆபீஸ் கேசு வந்தா ஓடிருவாங்க லா. ரமணிக்கு சொக்சோ காப்புறுதி கட்டல, அது ஆபீஸ் தப்பு. ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். வேற என்ன செய்ய முடியும் என்னால? கடை போச்சுன்னா நம்ம யாருக்கும் சோறு இல்ல."

"சோறு வேணும்தான் பாஸ்" என்றான் அழகேசன். "அதுக்கு ரமணிய ஏன் திருடியாக்கணும்?"

"அவங்க ஷிப்ட் எட்டு மணிக்கு. ஆறு மணிக்கு அங்க என்ன வேல? சொல்லுங்க." சுகுமாரன் பிரேமாவதி பக்கம் திரும்பினான். குரல் தணிந்தது. "அக்கா, வழுக்குனது நீங்க. எனக்குத் தெரியும். இந்தக் காயிதம் வேணாம்னா, உண்மைய எழுதணும். அப்புறம் உங்க பேருதான் வரும். யோசிச்சுப் பாருங்க."

நான்கு நாளாக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது அதுதான். தன் காலை வெறுத்தாள். தான் துடைத்த ஈரத்தை வெறுத்தாள். அதையே இவன் இப்போது கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அவள் கோப்பைக் கைகாட்டினாள்.

"எழுதுங்க பாஸ். நான்தான் வழுக்குனேன். மூணு மாசமா கொழாய் கெட்டுக் கெடந்ததயும் எழுதுங்க. கொதிக்கிற எண்ணெய ரெண்டு பொம்பளைங்க தூக்குனோம்னு எழுதுங்க. நாலு பேரு செஞ்ச வேலைய ஒருத்தி செஞ்சேன், ரமணி ரெண்டு வருசமா சும்மா வந்து கை கொடுத்தான்னு எழுதுங்க. அதுல நான் மொதக் கையெழுத்து போடுறேன்."

சுகுமாரன் கோப்பை மூடினான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். கையெழுத்து போடாதவங்க புதன்கிழமை வர வேணாம்."

*

அன்று மாலை பிரேமாவதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரமணியின் கால் பஞ்சும் துணியுமாகத் தலையணைமேல் கிடந்தது. காகிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டுருங்கக்கா. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. நான் எப்படியும் அங்க வரப்போறதில்ல."

"வாய மூடு."

"ஒண்ணுதான்க்கா. எம்மவ தேவகி ஸ்கூல்ல யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு..."  பிரேமாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வழுக்குனது நானு" என்றாள். "தெரியும்க்கா," என்றாள் ரமணி. "அந்தக் கொழாய் வேல செஞ்சிருந்தா நீங்க எங்க வழுக்கி விழுந்தாலும் நான் சிரிச்சிருப்பேன்."

மறுநாள் மதியம் கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்தில் எட்டுப் பேரும் கூடினார்கள். பார் வேலை பார்க்கும் திவாகரன் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். "காலையிலேயே போட்டுட்டேன்" என்றான். "திட்டுறதுன்னா திட்டிருங்க."

யாரும் திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காஞ்சனா இதுவரை வாய் திறக்காமல் சுவரோரம் நின்றிருந்தாள். மேனேஜர் என்பதால் மற்றவர்கள் அவளிடம் எதுவும் கேட்கவுமில்லை. அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"கொழாய் கெட்டுப் போச்சுன்னு நான் ஆபீசுக்கு மூணு தடவ மெசேஜ் அனுப்பிருக்கேன். போட்டோவோட. 'அடுத்த மாசம்'னு பதில் வந்திருக்கு. இத வெளிய காட்டினா எனக்கு வேற எந்தக் கடையிலயும் மேனேஜர் வேல கெடைக்காது." சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் அழுத்தினாள். அழகேசனின் சட்டைப்பையில் ஒரு சத்தம் வந்தது. பிரேமாவதியின் இடுப்பில் ஒன்று. அடுத்தடுத்து ஏழு கைப்பேசிகளும் ஒலித்தன. திவாகரனுடையதும்.

"இனிமே என் போன ஒடச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் காஞ்சனா. 

மாலை ஆபீஸிலிருந்து வந்தவரிடம் ஏழு காகிதங்கள் கையெழுத்து இல்லாமலே திரும்பிப் போயின.

*

புதன்கிழமை ஐந்தரைக்குக் கடையின் இரும்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. 'புதுப்பிக்கும் வேலை, நாளை திறக்கப்படும்' என்று ஒட்டியிருந்தார்கள். எட்டு மணிக்கு லேபர் ஆபீஸ் திறந்ததும் புகார் கொடுக்கப் போவதாகப் பேசிக்கொண்டு, ஏழு பேரும் கடை முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்தார்கள். குளிர்ந்த சிமெண்டு. எதிரே ரொட்டிக்கடைக்காரர் மஜீத் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தேநீர் தட்டோடு வந்து, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குத் திவாகரன் வந்தான். கொஞ்சம் தள்ளி நின்றான். "போட்ட கையெழுத்த திரும்ப வாங்க முடியுமாக்கா?"

"லேபர் ஆபீஸ்ல போய் அதயும் சொல்லு. வந்து உக்காரு."

அவன் உட்கார்ந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. குலிம் கடை ஆட்கள் ஆறு பேர், துடைப்பமும் வாளியுமாக இறங்கினார்கள். அவர்களின் தலைமைச் சமையல்காரர் முனியாண்டியின் கையில் புதுச் சாவி. ஐம்பது வயது, இரண்டு முழங்கையிலும் பழைய எண்ணெய்த் தழும்புகள். பாதையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"பாஸ் ஒங்க கடைய ஓட்டச் சொன்னாரு" என்றார். "நீங்கள்லாம் வேலைய விட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாரு."

"போகலண்ணே. பூட்டிட்டாங்க" என்றாள் பிரேமாவதி. எழுந்து நின்று, நடந்ததையும் தாங்கள் எங்கே போகிறோம் என்பதையும் சொன்னாள். தன் கால் வழுக்கியதிலிருந்து தொடங்கினாள். எதையும் மறைக்கவில்லை.

முனியாண்டி கேட்டுக்கொண்டிருந்தார். வேன் ஓட்டி, "நேரமாச்சுலா" என்றான்.

"எங்க கடையிலயும் அந்தக் கொழாய் வேல செய்யல" என்றார் முனியாண்டி. "நானும் அண்டாவுலதான் தூக்கறேன்." தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் முதலில் வாளியைத் தரையில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். முனியாண்டி சாவியை வேன் ஓட்டியின் கையில் கொடுத்தார். "இத பாஸ்கிட்ட குடுத்துரு தம்பி. நாங்க லேபர் ஆபீஸுக்குப் போறோம்னும் சொல்லு."

அவர் தலையில் என்ன விழும் என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்குத் தொழிலாளர் இலாகாவின் கதவு திறந்தபோது பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். புகார் கொடுக்க ஒரு ஆள் போதும் என்றார் முகப்பில் இருந்த குமாஸ்தா. இவர்கள் நகரவில்லை. விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். அப்போதும் நகரவில்லை. அவர் பெருமூச்சு விட்டுப் புகார் எழுதும் பாரங்களை எடுத்து எண்ணிக் கொடுத்தார். முனியாண்டியின் எழுத்து அழகாக இருக்கும் என்று குலிம் ஆட்கள் சொல்ல, முதல் பாரத்தை அவரிடம் கொடுத்தார்கள்.

பிரேமாவதி ரமணிக்கு அழைத்தாள். "நாங்க வந்துட்டோம்மா. நீ திருடுனன்னு இங்க யாரும் சொல்லல. திவாகரனும் இங்கதான் இருக்கான். ஒரு நிமிசம், இவருகிட்ட பேசு."

முனியாண்டி கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டது ரமணியின் குரல்.

"குலிம் கடை. ஒங்கள நான் பாத்ததில்ல தங்கச்சி." பேனாவை எடுத்துப் பாரத்தின்மேல் வைத்தார். "பேரு ரமணி. தகப்பனாரு பேரச் சொல்லுங்க, எழுதணும்."

 ரமணி சொன்னாள். முனியாண்டி தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். மற்றவர்கள் தங்கள் பாரங்களோடு அவரைச் சுற்றி நின்று, அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.