முள்ளும் திரையும்

மேலே போனால் ஒரு கருவி ஏறுகிறோம் என்றது, பக்கத்திலிருந்த இன்னொன்று இறங்குகிறோம் என்றது. கீழே கொண்டுவந்து சோதித்தால் இரண்டும் உத்தமம். கணவனோடு ஒரே கிளைடரைப் பங்கு போட்டு மாறி மாறி ஓட்டும் அந்த நர்சுக்கு இந்தக் கோடை முழுக்கப் பிடிபடாத விஷயம் இதுதான்.

கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. வெயிலில் சூடேறிய காற்று எங்கே எழும்புகிறதோ அங்கே வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது உடம்புக்குச் சரியாகத் தெரியாது. லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தால் புரியும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிறு சொல்லும், நடுவில் வாயே திறக்காது. அதற்காகத்தான் வேரியோமீட்டர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு குடுவை, அதிலிருந்து வால் வரைக்கும் ஒரு மெல்லிய குழாய். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும், குடுவைக்குள் இருக்கும் காற்று குழாய் வழியாக வெளியேறும். இறங்கினால் வெளிக்காற்று உள்ளே வரும். குடுவை விடுகிற மூச்சையும் இழுக்கிற மூச்சையும் அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். அவள் கணவனுடையது முள் வைத்த வட்டக் கருவி. அவளுடையது திரை வைத்தது, எண் காட்டும், ஏறினால் கீச்சுக்கீச்சென்று கத்தும். வெளித்தோற்றம்தான் வேறு. திரைக்குப் பின்னாலும் ஒரு சின்னக் குடுவை உட்கார்ந்திருந்தது.

கிளைடர் கிளப்பில் அவர்கள் இருவருக்கும் பட்டப்பெயரே வைத்தாகிவிட்டது. சர்வேயரான அவன் 'முள்ளு', அவள் 'டிவி'. யார் கருவி பொய் என்று வாதாடிக்கொண்டே இருவரும் ஷெட்டுக்குள் நுழைந்தால் டீ குடித்துக்கொண்டிருக்கும் யாராவது, "முள்ளும் டிவியும் வந்தாச்சு, காதைப் பொத்திக்கங்கப்பா" என்பார்கள். முதலில் அவளும் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது உழுத வயலில் இறங்கிய அன்றைக்கு. திரை கீச்சிட்டதை நம்பி வட்டமடித்தாள், உயரம் கையிலிருந்த மணலாகப் போனது. வரப்பில் மோதி, உதடு கிழிந்து, கிளைடரின் அடிவயிறும் கிழிந்தது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்த கணவன் முதலில் இறக்கையைத் தடவிப் பார்த்தான். பிறகு வாலை. பிறகு குனிந்து கருவிப் பலகையை. அதற்குள் அவளே கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டு பாதி வயலைத் தாண்டியிருந்தாள். மறுவாரம் கிளப்பில் அவன் சொன்னது அவள் காதுக்கு வந்தது: "டிவி பாத்துக்கிட்டே இருந்திருப்பா. சீரியல் முடியிறதுக்குள்ள தரை வந்துடுச்சு."

அவள் அன்றிலிருந்து அவனை 'என்னங்க' என்று கூப்பிடுவதில்லை. எதுவாகவும் கூப்பிடுவதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். பாத்திரம் பண்டமெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. கிளைடரை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய ஒற்றை இருக்கை விமானம் அது, ஆளுக்குப் பாதி.

அதற்கு அவனே ஒரு வழி சொன்னான்.

"யாரோட மீட்டர் பொய் சொல்லுதோ அவங்க தன் பங்க விட்டுட்டுப் போயிடணும். சரியா?"

"எழுதித் தரவா?"

"உன் வாய்ச்சொல்லே போதும். வேற எதுல பேச்சு மாறினாலும் பறக்கிறதுல மாற மாட்ட."

அது பாராட்டா குத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் பயிற்சியாளர் தன் சொந்தக் கருவியையும் மடியில் வைத்துக்கொண்டு பறந்து தீர்ப்பு சொல்வதாக ஏற்பாடு. அவர் இருவரிடமும் சலித்துப்போயிருந்தார். "ரெண்டுல ஒண்ணு கழண்டாகணும். இல்லேன்னா இந்தக் கிளைடர் ஷெட்டை விட்டு வெளிய வராது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவள் எத்தனையோ முறை சோதித்துவிட்டாள். வாலில் குத்திட்டு நிற்கும் உணர்குழாயின் மேல் ரப்பர் உறையை மாட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சால் காற்றை மெல்ல உறிஞ்சினால் கருவி ஏறுகிறோம் என்று நம்பிவிடும். அவள் சோதிக்கும்போது அவனுடைய முள் கருவியைப் பிடுங்கி அந்த வாயை அடைத்துவிடுவாள். அந்தக் கிழட்டுக் கருவி எங்காவது காற்று ஒழுகித் தொலைத்தால்? அவன் சோதிக்கும்போது அவளுடையதைப் பிடுங்கி அடைத்துவிடுவான். இருவருக்கும் தத்தம் கருவி தங்கமாக வேலை செய்தது. இருவரும் அதையே பெருமையாக ஊரெல்லாம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வார்டில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் பாட்டில் இறங்கவே மாட்டேங்குது. பக்கத்துப் பாட்டில் மட்டும் ஓடுது."

ஒரே ஊசிக்கு இரண்டு டிரிப்பை ஒரே குழாயில் சேர்த்திருந்தார்கள். பெரிய பாட்டிலிலிருந்து வேகமாக வந்த மருந்து குழாயை அடைத்துக்கொண்டு நிற்க, சின்னது வழி கிடைக்காமல் காத்திருந்தது. "ஒரே லைன்ல ரெண்டையும் போட்டா அப்படித்தான்டி. ஒண்ணு போனாத்தான் இன்னொண்ணு போகும். தனி லைன் போடு" என்று சொன்னவள், சொல்லி முடித்த வாயோடு அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போடு."

சனிக்கிழமை மதியம் ஷெட்டில் யாரும் இல்லை. தகரக் கூரை வெயிலில் படபடத்தது. முதன்முறையாக எதையும் பிடுங்காமல் இரண்டு கருவிகளையும் மாட்டியபடியே வைத்தாள். செல்போனை வீடியோ எடுக்க வைத்து இருக்கையில் சாய்த்துவிட்டு, வாலுக்குப் போய், வீடியோவில் பதியும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே சிரிஞ்சை இழுத்தாள். திரும்பி வந்து வீடியோவைப் பார்த்தாள். சிரிஞ்சை இழுத்துவிட்டேன் என்று அவள் குரல் கேட்ட பிறகும் திரை சும்மா கிடந்தது. பிறகு சோம்பலாக எழுந்தது. முள் அதற்கும் பின்னால் வந்தது. அவள் நிறுத்திய பிறகும் இரண்டும் ஏறிக்கொண்டே இருந்தன, பிறகு ஆளுக்கொரு நேரத்தில் அடங்கின. நீளமான ஒரே குழாய் வழியாக இரண்டு குடுவைகளும் மூச்சு விட முட்டிமோதுகின்றன. வட்டமடிக்கும் கிளைடரில் இந்தத் தாமதம் போதும். நல்ல காற்றை விட்டு வெளியே வந்த பிறகுதான் நல்ல காற்று என்று கீச்சிடும். ஒன்று ஏறுகிறோம் என்னும்போது இன்னொன்று இறங்குகிறோம் என்பதும் இதனால்தான்.

குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தேடி இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பு தட்டுப்பட்டது. மருத்துவமனைச் சாமான். அவள் கொண்டுவந்ததுதான்.

திரையை வாங்கிய அன்று முள்ளைக் கழற்றிவிடலாம் என்றாள் அவள். அவன் முகம் சுண்டிப்போனது. சரி, ரெண்டும் இருக்கட்டும் என்று அவளே இறங்கிவந்தாள். அவன் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவள் கட்டு வெட்டும் கத்தரியால் நறுக்கி இதைச் செருகினாள். அன்றைக்கு இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் செய்த காரியம் என்று தேடினால் இது ஒன்றுதான் தேறும். உதட்டைக் கிழித்ததும் இதுதான்.

அவள் நல்லவளாக நடந்துகொள்ள அங்கே வரவில்லை. வாலிலிருந்த உணர்குழாய்க்கு இரண்டு வாய்கள் உண்டு, ஒன்று மூடி போட்டே கிடந்தது. அந்த வாயிலிருந்து தன் திரைக்கு மட்டும் புதுக்குழாய் இழுத்தாள். இணைப்பில் தன் பக்கத்தை அடைத்தாள். பழைய குழாயை முள்ளுக்கே விட்டுவிட்டாள். நாளைக்குத் திரை சரியாகக் காட்டும், முள் வழக்கம்போல் தூங்கி வழியும், முள்ளுக்காரன் போகட்டும்.

மறுபடியும் சிரிஞ்சை இழுத்துவிட்டு வீடியோவைப் பார்த்தாள். இழுத்த மாத்திரத்தில் திரை கீச்சிட்டது. கூடவே முள்ளும் சட்டென்று எழுந்தது. இன்னொரு முறை இழுத்தாள். இரண்டும் சேர்ந்தே எழுந்தன, சேர்ந்தே இறங்கின. தன்னை விடுவித்துக்கொண்டதில் அவனையும் விடுவித்துவிட்டாள். குழாயில் இப்போது முள் மட்டும் தனியாக இருந்தது. பிறகு ஏன் தூங்கப்போகிறது?

சிமென்ட் தரையில் செருப்புச் சத்தம் கேட்டது.

"டிவிக்கு ரிப்பேரா?" என்றான் அவன், வாசலில் நின்றபடி.

அவள் செல்போனை நீட்டினாள். அவன் வீடியோவை ஒரு முறை பார்த்தான். மறுபடி பார்த்தான். அவன் வாய் கேலிக்குத் தயாராகி, பிறகு கேலி இல்லாமல் மூடிக்கொண்டது.

"அப்ப ரெண்டும் சரிதானா?"

"சரிதான். முதல்லேர்ந்தே சரிதான்."

"அப்ப யார் விட்டுட்டுப் போறது?"

அவன் குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்த வெள்ளை இணைப்பைத் தொட்டான். அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் இளகியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"இது அன்னிக்கு நாம..."

"ஆமா."

"உதடு இன்னும் வலிக்குதா?"

"இப்ப கேக்குறீங்க."

அவன் கையை எடுத்துக்கொண்டான். வெளியே யாரோ விமானத்தை இழுக்கும் வின்ச்சை முடுக்கிப் பார்த்தார்கள், சத்தம் எழும்பி அடங்கியது. அவள் கத்தரியை எடுத்து, முள்ளின் குழாயிலிருந்து அந்த இணைப்பை வெட்டியெறிந்து, குழாயை நேராகக் கருவியில் செருகினாள். இந்த முறை குழாயைப் பிடித்துக்கொள்ள அவன் கை நீட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நாளைக்கு சார் கேட்டா என்ன சொல்றது?" என்றான்.

"உள்ளதைச் சொல்லுங்க. எந்த மீட்டரும் பொய் சொல்லல, யாரும் பங்க விட வேண்டாம். ஒரே குழாய்ல ரெண்டு மீட்டர் மாட்டக் கூடாது. வால்லேர்ந்து ஆளுக்கொரு குழாய், நடுவுல எங்கயும் சேரக் கூடாது. அவ்வளவுதான், ரெண்டும் சரியா காட்டும்."